கோயிங் கிளியர் பார்த்தவர்கள் வாருங்கள்: இத்தனை புத்திசாலிகள் எப்படி உள்ளே போனார்கள்?

இரவல்குடை | சனி, காலை 7.10

நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு, அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் படுத்துவிடலாம் என்றுதான் போட்டேன். முடிந்தபோது பதினொன்றரை. அப்புறமும் தூக்கம் வரவில்லை, அதனால் இந்த இழை.

பார்க்காதவர்களுக்காக: 'கோயிங் கிளியர்' 2015ல் வந்த ஆவணப்படம். இயக்கம் அலெக்ஸ் கிப்னி. லாரன்ஸ் ரைட் 2013ல் எழுதிய புத்தகத்தை வைத்து எடுத்தது. எச்.பி.ஓ.வில் வந்து மூன்று எம்மி வாங்கியது. சயன்டாலஜி என்ற மதத்தை விட்டு வெளியே வந்த எட்டுப் பேர் கேமரா முன் உட்கார்ந்து பேசுகிறார்கள், இடையிடையே பழைய படச்சுருள்கள். எல். ரான் ஹப்பர்ட் என்பவர் வார்த்தைக்கு ஒரு சென்ட் கணக்கில் மலிவு இதழ்களுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தவர். 1950ல் 'டயனடிக்ஸ்' என்று மனதைச் சரிசெய்யும் புத்தகம் ஒன்று போடுகிறார், அது விற்றுத் தள்ளுகிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் அதிலிருந்து இந்த மதமே கிளம்பிவிடுகிறது.

அவர்களுடைய ரகசியப் போதனையான ஸீனு கதை வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஸீனு என்று ஒரு விண்மண்டல சர்வாதிகாரி கோடிக்கணக்கான உயிர்களைப் பூமிக்கு இழுத்துவந்து, எரிமலைகளைச் சுற்றி நிறுத்தி, ஹைட்ரஜன் குண்டு போட்டானாம். அந்த ஆவிகள்தான் இன்றைக்கும் நம் உடம்பில் ஒட்டிக்கொண்டு தொல்லை தருகின்றனவாம். என் சிரிப்புச் சத்தம் கேட்டு மனைவி எழுந்து வந்து, "காமெடிப் படமா?" என்று கேட்டாள்.

அதே படத்தில்தான் சில்வியா டெய்லர் தன் கைக்குழந்தையைக் காப்பகத்தில் பார்த்ததைச் சொல்கிறார். தொட்டில் நனைந்து கிடக்கிறது, கண்கள் பீளையில் ஒட்டியிருக்கின்றன, ஈ மொய்க்கிறது. அவரோ அப்போது தண்டனைப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தவர்.

என் கேள்வி இதுதான். அந்த எட்டுப் பேரில் ஒருவரான பால் ஹாகிஸ் ஆஸ்கர் வாங்கிய திரைக்கதைக்காரர். கதை எது, புளுகு எது என்று பிரித்துப் பார்ப்பதே பிழைப்பு. அவர் எப்படி 1975லிருந்து 2009 வரை உள்ளே இருந்தார்?

கடைசிபெஞ்ச் | சனி, காலை 7.41

அவர்களுடைய ஊழியர் படையான ஸீ ஆர்க்கில் சேருகிறவர்கள் நூறு கோடி வருடத்துக்கு ஒப்பந்தம் போடுகிறார்கள், கவனித்தீர்களா? இந்த ஜென்மம் முடிந்தாலும் அடுத்த ஜென்மத்தில் வந்து வேலையில் சேர வேண்டும். எங்கள் கம்பெனி இரண்டு வருட பாண்ட் கேட்டதற்கே அப்பா வக்கீலிடம் ஓடினார்.

தேன்மிட்டாய் | சனி, காலை 8.26

இரவல்குடை, நீங்கள் கேள்வியைக் கடைசிப் பக்கத்திலிருந்து கேட்கிறீர்கள். ஹாகிஸிடம் முதல் நாளே யாரும் ஸீனுவைப் பற்றிச் சொல்லவில்லை. கனடாவில் லண்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தெருவில் போய்க்கொண்டிருந்தவர் கையில் ஒருத்தன் புத்தகத்தைத் திணித்து இரண்டு டாலர் வாங்கிக்கொண்டான். அப்போது அவருக்கு இருபத்திச்சொச்சம் வயது, காதலியோடு தினமும் சண்டை. அதற்கு ஒரு வழி கிடைக்கும் என்றுதான் போனார்.

ஸீனு கதை ஓடி 3 என்ற படியில்தான் வருகிறது. அதற்குள் எத்தனை வருடம், எத்தனை வகுப்பு, எவ்வளவு பணம்! அந்தத் தாள்களை வாங்கப் போகும்போது பூட்டுப் போட்ட காலிப் பெட்டியோடு போக வேண்டும். கோப்பை அதில் வைத்துக்கொண்டு தனியறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். படித்ததும் இவருக்கு என்ன தோன்றுகிறது? இது பைத்தியமா என்று பார்க்கும் பரீட்சையோ, இதை நம்பினால் வெளியே துரத்திவிடுவார்களோ என்று. அந்த இடத்தில் நான் சிரிக்கவில்லை. தனக்குள் எழுந்த சந்தேகத்தைக்கூட அவர்கள் வைத்த பரீட்சையாக மாற்றிக்கொள்கிற அளவுக்கு அந்த மனிதரைப் பழக்கியிருக்கிறார்கள்.

ஓம்விதி | சனி, காலை 9.03

அவர்கள் கேள்வி கேட்கும்போது ஆள் கையில் கொடுக்கும் ஈ-மீட்டர் கருவியைப் பற்றி நான் சொல்லலாம், முப்பது வருடமாக மீட்டரோடுதான் குடித்தனம்.

உள்ளே ஒன்றும் மாயம் கிடையாது. வீட்ஸ்டோன் பாலம், பள்ளிக்கூட இயற்பியல். இரண்டு கையிலும் ஆளுக்கொரு உலோக டப்பா (ஆரம்ப காலத்தில் நிஜமாகவே சூப் டப்பாக்கள்தான்), நடுவில் உடம்பு வழியாக மிகச் சிறிய மின்னோட்டம். தோலின் மின்தடை மாறினால் முள் நகரும். வியர்த்தாலும் மாறும், இறுக்கிப் பிடித்தாலும் மாறும், மூச்சை இழுத்து விட்டாலும் மாறும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1963ல் வாஷிங்டனில் புகுந்து இந்தக் கருவிகளை அள்ளிக்கொண்டு போனது. 1971ல் நீதிமன்றம், கருவி நோய் தீர்க்காது என்று அதன் மேலேயே எழுதி வைத்துத்தான் பயன்படுத்தலாம் என்றது.

ஆனால் ஒன்று. முள் அசைவது பொய் இல்லை. எதிரே உட்கார்ந்தவர் உங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்கும்போது முள் துள்ளினால், அதைப் பார்க்கிற உங்களுக்கு எப்படி இருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

மூக்குக்கண்ணாடி | சனி, காலை 9.30

அந்த உட்காரலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆடிட்டிங்'. நானும் ஆடிட்டர்தான். எங்கள் ஆடிட்டிங்கில் வாடிக்கையாளர் கையில் டப்பா கொடுக்க மாட்டோம், கேட்கும் கேள்வியில் அவர்களுக்கே வியர்த்துவிடும். வரி விவகாரம் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், மதியம் வருகிறேன்.

கடைசிபெஞ்ச் | சனி, காலை 10.15

இதையெல்லாம் அமெரிக்காவில் போய்ப் பார்க்க வேண்டுமா? நம்ம ஊரிலேயே ஒருத்தர் இருக்கிறாரே, அவர் ஆசிரமத்தில்

[மீதி நீக்கப்பட்டது]

நெறியாளர் | சனி, காலை 10.22

உள்ளூர்ச் சாமியார்களுக்குத் தனி இழை இருக்கிறது, அதுவும் போன மாதத்திலிருந்து பூட்டிக் கிடக்கிறது. இங்கே படத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பூவரசு_லண்டன் | சனி, மதியம் 12.48

நான் இருக்கிறது இங்கிலாந்து லண்டனில். இந்தப் படம் இங்கே உடனே வரவில்லை. அமெரிக்காவில் தொலைக்காட்சியில் மார்ச் 2015ல் காட்டினார்கள், எங்களுக்குத் தொலைக்காட்சியில் செப்டம்பரில்தான். இங்கிலாந்தில் அவதூறுச் சட்டத்தை 2013ல் திருத்தினார்கள், வட அயர்லாந்து அப்போது அதை ஏற்கவில்லை. அதே ஒளிபரப்பு அங்கேயும் போகும் என்பதால் வழக்கு வந்துவிடுமோ என்று தொலைக்காட்சிக்காரருக்குப் பயம். ரைட்டின் புத்தகத்தை வெளியிட இருந்த இங்கத்தைய பதிப்பகமும் முதலே பின்வாங்கிவிட்டது.

அவர்களின் ஆளுமைப் பரீட்சையை ஒருக்கால் பார்த்திருக்கிறேன். டொட்டன்ஹாம் கோர்ட் வீதியில் அவர்களுக்கு ஒரு இடம் இருக்கிறது, பரீட்சை இலவசம். 200 கேள்வி. அதில் ஒன்று எனக்கு மறக்கவே இல்லை: ரயில் கால அட்டவணை, அகராதி மாதிரியானவற்றைச் சும்மா பொழுதுபோக்குக்காகப் புரட்டுவீர்களா? சின்ன வயதில் அப்பாவிடம் இருந்த பழைய யாழ்தேவி அட்டவணையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஓம் என்று போட்டால் என்ன வருத்தம் என்று சொல்லுவார்களோ என்று நினைத்துக்கொண்டு தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

சனம் நினைக்கிற அளவுக்கு ஆளும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்தே 2,418 பேர்தான் தங்கள் மதம் சயன்டாலஜி என்று எழுதினவர்கள். அமெரிக்காவில் 2008ல் நடந்த ஒரு பெரிய கருத்துக்கணிப்பு சுமார் 25,000 என்றது. சயன்டாலஜித் திருச்சபை சொல்லுகிற கணக்கு மில்லியன்களில். கட்டடங்களைப் பார்த்தால் மில்லியன் மாதிரித்தான் இருக்கும்.

எதிர்வழக்கு | சனி, மதியம் 1.35

எல்லாரும் தலையாட்டுகிறீர்கள், ஒருவராவது மறுத்துப் பேச வேண்டாமா?

படத்தில் பேசும் எட்டுப் பேரும் வெளியேறியவர்கள். உள்ளே நிம்மதியாக இருக்கிற ஒருவர்கூட இல்லை. தலைவர் டேவிட் மிஸ்கேவிஜ், டாம் க்ரூஸ், ஜான் டிரவோல்டா எல்லாரையும் கேட்டோம், மறுத்தார்கள் என்று கடைசியில் எழுத்து ஓடுகிறது, சரி. ஆனால் விவாகரத்து ஆனவர்களிடம் மட்டும் பேசிவிட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? ஸீனு கதைக்குச் சிரிக்கிறவர்கள், தங்கள் மதத்துக் கதையை முதல்முறையாகக் கேட்கும் வெளியாள் என்ன நினைப்பான் என்றும் யோசிக்கலாம். ஹப்பர்ட் செய்த ஒரே தப்பு, டைப்ரைட்டரும் டேப் ரிக்கார்டரும் வந்த காலத்தில் மதம் தொடங்கியது.

சாட்சிகளையும் பாருங்கள். மைக் ரிண்டர் அவர்களுடைய செய்தித் தொடர்பாளராக இருந்தவர். தலைவர் உங்களை அடித்தாரா என்று பி.பி.சி. நிருபர் கேட்டபோது கூசாமல் மறுத்தவர். அங்கே உயர் அதிகாரியாக இருந்த மார்ட்டி ரத்பன் வெளியே வந்து இந்தப் படத்தில் பேசினார், 2017ல் இந்தப் படத்தையே தாக்கிக் காணொளிகள் போட்டார். ஹாகிஸ் மீது 2022ல் நியூயார்க் சிவில் ஜூரி பாலியல் வன்முறைக்குப் பொறுப்பு என்று சொல்லி 1 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. இதன் பின்னால் சயன்டாலஜி இருக்கலாம் என்று அவர் தரப்பு சொன்னது, திருச்சபை மறுத்தது, ஜூரி ஹாகிஸை நம்பவில்லை. இவர்கள் சொல்வதை வைத்துத்தான் முழுப் படமும் நிற்கிறது.

இரவல்குடை | சனி, மதியம் 2.02

ஹாகிஸ் வழக்கு எனக்குத் தெரியாது. தேடிப் படித்தேன், உண்மைதான். காலையில் அவரைப் பற்றி எழுதிய தொனி இப்போது உறுத்துகிறது. அதற்காக, பெட்டியும் பூட்டுமாகப் போனது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

மூக்குக்கண்ணாடி | சனி, பிற்பகல் 3.40

எதிர்வழக்கு சொன்னதில் சாட்சிகள் பற்றியது நியாயம். ஆனால் படத்தில் யாருடைய வாக்குமூலமும் தேவைப்படாத ஒரு பகுதி உண்டு, அது வரி. எல்லாரும் டாம் க்ரூஸ் பதக்கம் வாங்கியதைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு 1993தான் க்ளைமாக்ஸ்.

சுருக்கமாக: அமெரிக்க வருமான வரித்துறை 1967ல் இவர்களுடைய வரிவிலக்கைப் பறித்தது. அதிலிருந்து 26 வருடச் சண்டை. எழுபதுகளில் இவர்கள் தங்கள் ஆட்களை அரசு அலுவலகங்களில் வேலைக்குச் சேர்த்து, ராத்திரியில் கோப்புகளை நகலெடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். வரித்துறை அலுவலகமும் அதில் உண்டு. 1977 ஜூலையில் எஃப்.பி.ஐ. சோதனை போட்டது, ஹப்பர்ட்டின் மனைவி உட்பட 11 பேர் தண்டனை பெற்றார்கள். அப்படியும் அடங்கவில்லை. அடுத்த ஆயுதம் வழக்கு. அமைப்பும் உறுப்பினர்களும் சேர்ந்து வரித்துறை மீதும் அதிகாரிகள் மீதும் போட்டவை 2,000க்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் பதில் மனு, வாய்தா, வக்கீல். துறையில் வேலை பார்க்கும் ஆளே கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தால் மற்ற வேலை என்ன ஆகும்?

1991ல் மிஸ்கேவிஜும் ரத்பனும் வாஷிங்டனில் வரித்துறைத் தலைமையகத்துக்குள் நேரே நடந்து போய் ஆணையரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். பேச்சு தொடங்கியது. 1993 அக்டோபர் 1ஆம் தேதி வரிவிலக்கு கையில். சுமார் ஒரு பில்லியன் டாலர் பாக்கி என்று படம் சொல்கிறது, கட்டியது 1.25 கோடி டாலர். அந்தத் தொகைகூட அப்போது ரகசியம், 1997 கடைசியில் பத்திரிகையில் கசிந்துதான் வெளியே தெரிந்தது. நூற்றுக்கு ஒன்றேகால்! என் வாடிக்கையாளர் யாராவது இதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து நிற்காமல் இருக்க வேண்டும்.

ஒரு வாரம் கழித்து லாஸ் ஏஞ்சலஸ் விளையாட்டரங்கில் விழா. மேடையில் மிஸ்கேவிஜ் போர் முடிந்துவிட்டது என்று அறிவிக்க, அரங்கம் எழுந்து கத்துகிறது. அந்தக் காட்சியை எடுத்தது கிப்னி இல்லை, சயன்டாலஜியே தன் பெருமைக்காகப் பிடித்து வைத்த படம். அங்கே கைதட்டுகிறவர்கள் மகிழ்ச்சியை நடிக்கவில்லை. எது மதம், எது கம்பெனி என்று முடிவு செய்யும் வேலை பேரேடு பார்க்கிற எங்கள் மாதிரி ஆட்களிடம் வந்து நின்றது. அவர்கள் களைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்கள்.

கடைசிபெஞ்ச் | சனி, மாலை 4.05

ஹப்பர்ட் 1986ல் இறந்ததை எப்படி அறிவித்தார்கள் பார்த்தீர்களா? இறந்தார் என்று சொல்லவே இல்லை. ஆராய்ச்சிக்கு உடம்பு தடையாக இருந்ததால் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முகத்தில் சிரிப்போடு சொல்கிறார்கள், கீழே கைதட்டல்.

தேன்மிட்டாய் | சனி, இரவு 9.18

காலையிலிருந்து எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

2011ல் நான் ஊட்டச்சத்துப் பொடி விற்கும் ஒரு சங்கிலித்தொடர் நிறுவனத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதல் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, வேலையை விட்டபின் வீட்டில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். என்னை யாரும் அப்படிக் கேட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. பேசப் பேச அழுதுவிட்டேன், இருநூறு பேர் கைதட்டினார்கள். அன்று ராத்திரி எனக்கு நிஜமாகவே நன்றாகத் தூக்கம் வந்தது. படத்தில் நடிகர் ஜேசன் பெகே ஆரம்பத்தில் கிடைத்த நல்லதைப் பற்றிப் பேசும்போது எனக்கு அந்த மண்டபம்தான் ஞாபகம் வந்தது. ஒருவர் எதிரே உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், மணிக்கணக்கில் உங்களை மட்டும் கேட்கிறார். அதற்கு யார் காசு கொடுக்க மாட்டார்கள்?

எட்டே மாதத்தில் பொடி விற்காது என்று தெரிந்துவிட்டது. ஆனால் மூன்று வருடம் இருந்தேன். போட்ட பணத்துக்காக என்று எல்லாரும் நினைத்தார்கள். பணம் போனது போனதுதான், அதை எப்போதோ மனதில் எழுதிவிட்டேன். எனக்குக் கீழே சித்தி இருந்தார், சித்திக்குக் கீழே அவர் மருமகள், அவளுடைய பக்கத்து வீட்டு அக்கா. சித்தி தன் இரண்டு வளையலை அடகு வைத்து நாற்பதாயிரம் போட்டிருந்தார், என் பேச்சைக் கேட்டு. இது மோசம் என்று நான் வாயைத் திறந்தால், முதலில் சித்தி வீட்டுக்குப் போய்த்தான் திறக்க வேண்டும். அதற்குப் பயந்து, இது நல்ல கம்பெனி என்று எனக்கு நானே இன்னொரு வருடம் சொல்லிக்கொண்டேன். வேண்டுமென்றே இல்லை, தானாகவே அப்படி நம்பிக்கை வந்தது.

எதிர்வழக்கு, நீங்கள் சொன்ன ரிண்டரை நான் இதிலிருந்துதான் பார்க்கிறேன். அந்தப் பழைய பேட்டியில் மறுக்கும்போது அவர் கண்ணைப் பாருங்கள். வருடக்கணக்காக மற்றவர்கள் வாயை அடைத்தவர். உண்மையைச் சொன்னால் அடித்தவர் மட்டும் மாட்ட மாட்டார், இவரும்தான் மாட்டுவார். 2007ல் வெளியே வந்தபின் மனைவியும் பிள்ளைகளும் உறவை முறித்துக்கொண்டார்கள். நம்பகமான சாட்சியா என்றால் எனக்குத் தெரியாது. ஆனால் சுத்தமான கையோடு அந்தப் படியில் எவ்வளவு உயரம் ஏற முடியும்?

நாற்காலி விளையாட்டும் அப்படித்தான். கலிபோர்னியாவில் ஹெமட் ஊர்ப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் தலைமையகத்தில் பெரிய அதிகாரிகளை அடைத்து வைத்த டிரெய்லர் வீடு, அவர்கள் 'ஓட்டை' என்று கூப்பிட்ட இடம். குவீன் இசைக்குழுவின் பாட்டைப் போட்டு இசை நாற்காலி ஆட விட்டதாகச் சொல்கிறார்கள். தோற்றவர்கள் எல்லாரும் தூரதேசத்துக்கு அனுப்பப்படுவார்கள், ஜெயிப்பவர் மட்டும் அங்கேயே இருக்கலாம். வெளியே போகாமல் அங்கேயே இருக்க வேண்டும் என்றுதான் அத்தனை பேரும் உடை கிழிய அடித்துக்கொண்டார்கள். திருச்சபை இதெல்லாம் பொய் என்கிறது. எனக்கு அதில் நம்ப முடியாதது ஒன்றும் இல்லை.

பூவரசு_லண்டன் | சனி, இரவு 9.40

தேன்மிட்டாய் அக்கா, சித்தியிட்டப் பிறகு சொன்னீங்களா?

தேன்மிட்டாய் | சனி, இரவு 9.52

சொன்னேன். அவருக்கு இரண்டு வருடம் முன்பே தெரிந்திருக்கிறது. நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். வளையலை மீட்டுக் கொடுத்துவிட்டேன், ஒன்றுதான். இன்னொன்று ஏலத்தில் போயிருந்தது.

எதிர்வழக்கு | சனி, இரவு 10.30

நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கிறது: உள்ளே இருப்பவரின் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று இந்தப் படம் காட்டவில்லை. அதையும் பார்த்திருந்தால் உங்கள் மண்டபத்துக் கைதட்டல் எனக்கு முன்பே கேட்டிருக்கும்.

இரவல்குடை | ஞாயிறு, காலை 8.05

நேற்று ராத்திரி மனைவியோடு மறுபடி பார்த்தேன். இந்த முறை ஸீனு இடத்தில் அவளும் சிரிக்கவில்லை, நான் ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிக் கெடுத்துவிட்டேன்.

சாரா கோல்ட்பர்க் பகுதியில் நிறுத்தச் சொன்னாள். மேல்படி வரை போனவர் அவர். மகனோடு உறவை வெட்டச் சொல்கிறார்கள், இவர் மறுக்கிறார், அதனால் மகள் இவரை வெட்டிவிடுகிறாள். ஒரு பிள்ளையைக் கைவிடாததற்கு இன்னொரு பிள்ளை. திரையை நிறுத்திவிட்டு, அவள் ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் பெண்ணுக்குப் போன் போட்டாள். ராத்திரி பதினொன்றுக்கு! பெண் பயந்துபோய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

ஓம்விதி | ஞாயிறு, காலை 11.20

ஒரு சோதனை செய்தேன், குறித்து வைக்கிறேன். பழைய முள் வைத்த மல்டிமீட்டர், கிலோ ஓம் அளவில். காலியான பால்மாவு டப்பா இரண்டு, லேபிளைச் சுரண்டி, முதலைக் கிளிப் மாட்டியது. ஒன்பதாவது படிக்கும் மகள் கையில் கொடுத்து, ஃப்ரிட்ஜில் இருந்த மைசூர்பாக்கை யார் தின்றது என்று கேட்டேன். முள் துள்ளியது. "நான்தான்" என்று ஒத்துக்கொண்டாள். அந்த நொடி எனக்கு என்ன பெருமை தெரியுமா? வீட்ஸ்டோன், வியர்வை, முப்பது வருட அனுபவம் எல்லாம் மறந்துவிட்டது. அடுத்து என்ன கேட்கலாம் என்று மனம் தேட ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் அவள் டப்பாவை என் கையில் கொடுத்து, "போன மாசம் என் டைரியைப் படிச்சீங்களா?" என்று கேட்டாள். நான் படிக்கவில்லை. முள் அந்த மூலைக்குப் போய் நின்றது. தோல் மின்தடை, இறுக்கிப் பிடித்துவிட்டேன், பதற்றத்தில் வியர்க்கும் என்று அரை மணி நேரம் பேப்பரில் படம் போட்டு விளக்கினேன். கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். டைரி இப்போது வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. டப்பாவைக் குப்பையில் போட்டாகிவிட்டது.

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, காலை 11.24

நிஜமாகவே படிக்கவில்லையா அண்ணே?